எப்போதிருந்து சாப்பிடுகிறீர்கள்?

நான் வேலை பார்த்த பிரிவில் இனி நோயாளியின் சீட்டைக் கணினியே படித்துக்கொள்ளுமாம். மருந்துப் பெயர், தேதி, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்டு, உடம்பில் வந்த தடிப்புக்கோ காமாலைக்கோ எந்த மருந்து காரணமாக இருக்கலாம் என்று வரிசைப்படுத்திக் கொடுத்துவிடுமாம். ஜைனப் போனில் சொன்னாள். நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள்.

"அக்கா, புதுசா ரெண்டு பிள்ளைங்க வந்திருக்குதுக. எல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும்னா எங்கள எதுக்கு எடுத்தாங்கன்னு கேக்குதுக. நீங்க ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க, துறை மலர்ல போட்டுருவோம்."

"எதப் பத்தி எழுத?"

"உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றாள்.

எனக்குத் தெரியும். அதனால்தான் வெகுநாள் தள்ளிப்போட்டேன். இந்த வேலையைப் பற்றி எழுதினால் என் மகளைப் பற்றி எழுத வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று பட்டதால் உட்கார்ந்துவிட்டேன்.

பேரையூருக்குத் தெற்கே மானாவாரிக் காடுகளுக்கு நடுவில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நான் மருந்தாளுநர் படிப்பு முடித்து அரசு வேலைக்கு வந்தேன். பல ஆண்டுகள் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். அங்கே நான் படித்தது ஒன்றுதான். வரிசை நீளமாக இருந்தால் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. சீட்டை நீட்டுவார்கள், மாத்திரையை வெட்டிக் கொடுப்போம், அடுத்த ஆள் வந்துவிடுவார்.

அதன் பிறகுதான் மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் சிறு பிரிவுக்கு மாற்றினார்கள். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, இரண்டு மேசை. அதன் பொறுப்பில் இருந்தவர் கோவர்த்தனன் சார், மருந்தியல் பேராசிரியர். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டிலிருந்து போன் வந்தால் அவர்கள் மொழியில் பாட்டுப்போல வேகமாகப் பேசுவார். போனை வைத்துவிட்டு எங்களிடம் திரும்பினால் ஒவ்வொரு சொல்லும் எடைபோட்டு வரும். 'அலர்ஜி' என்ற சொல் அவருக்கு ஆகாது. வார்டிலிருந்து யாராவது "சார், பேஷண்டுக்கு அலர்ஜி" என்று வந்தால், "யாருக்கு, எதனால, எப்ப?" என்று கேட்பார். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், "அப்ப நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க, அது தப்பில்ல" என்பார்.

முதல் வாரத்திலேயே எனக்கு ஒரு குட்டு வைத்தார். ஒரு பெண்ணிடம் நான், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்லைங்க" என்றார். அறைக்குத் திரும்பியதும் சார் சொன்னார்:

"அப்படிக் கேட்டா இல்லைன்னுதான் வரும் மகேஸ்வரி. அவங்க பொய் சொல்லல. டாக்டர் எழுதிக் குடுத்தாதான் அது அவங்களுக்கு மாத்திரை. மெடிக்கல் ஷாப்ல தலையச் சொறிஞ்சுக்கிட்டு கேட்டு வாங்குனதெல்லாம் கணக்குல வராது. நோயச் சொல்லிக் கேளுங்க. தலைவலிச்சா என்ன செய்வீங்க? சளி பிடிச்சா? தூக்கம் வரலேன்னா? வெளிக்குப் போகலேன்னா?"

மறுபடி போய்க் கேட்டேன். அந்தம்மா சேலை முந்தானை முடிச்சிலிருந்து மூன்று வகை மாத்திரை எடுத்துக் காட்டினார்.

மருந்தைச் சந்தேகிப்பதற்குப் பத்துக் கேள்வி கொண்ட ஒரு முறை உண்டு. மருந்து தொடங்கிய பிறகுதான் தொல்லை வந்ததா, நிறுத்தியதும் குறைந்ததா, மறுபடி கொடுத்தபோது மறுபடி வந்ததா, வேறு நோய் காரணமாக இருக்குமா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டிப் பார்த்து, இருக்கலாம், பெரும்பாலும் இதுதான், சந்தேகமே இல்லை என்று எழுதுவோம். ஒரு நோயாளி எட்டு மருந்து சாப்பிட்டால் எட்டு முறை கூட்ட வேண்டும். பாதி நாள் அதிலேயே போய்விடும்.

கணினி வந்ததும் அந்தப் பாடு போனது. மருந்துகளையும் தேதிகளையும் தட்டினால், உலகம் முழுக்க முன்பு பதிவான சங்கதிகளோடு ஒப்பிட்டு, எந்த மருந்துக்கு எவ்வளவு சந்தேகம் என்று வரிசையாகக் காட்டும். சார் அதற்கு ஒரு சட்டம் வைத்தார். பொத்தானை அழுத்துவதற்கு முன் மானிட்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட வேண்டும். அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தான் சந்தேகப்படும் மருந்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் திரையைத் திருப்பலாம். தவறாகச் சொன்னவர் போய் எல்லாருக்கும் டீ வாங்கி வர வேண்டும்.

"கம்ப்யூட்டர் தப்பாச் சொன்னா யாரு சார் போறது?" என்று ஜைனப் சேர்ந்த புதிதில் கேட்டாள்.

"அதுக்குக் காலு இல்லம்மா. அதுக்கு டைப் பண்ணிக் குடுத்தவங்க போகணும்."

நாங்கள் எல்லாரும் தோற்று, கணினி மட்டும் ஜெயித்த நாட்களும் உண்டு. கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். மாதக்கணக்கில் வறட்டு இருமல். சளியில் ஒன்றுமில்லை, நுரையீரல் படத்தில் ஒன்றுமில்லை. டானிக் மேல் டானிக்காகக் குடித்து ஓய்ந்திருந்தார். "இருமி இருமி மாடே மிரளுது சார். பக்கத்துக் காட்டுக்காரன், நீ இருமுனா எனக்குக் காவலுக்கு ஆளே வேணாம்ங்கிறான்" என்றார். நாங்கள் ஆளுக்கொன்று சொன்னோம். கணினி அவருடைய ரத்தக்கொதிப்பு மாத்திரையை முதலில் காட்டியது. மாத்திரையை மாற்றினார்கள். அடுத்த தடவை வரும்போது இருமல் இல்லை, ஒரு பை நிறைய மொச்சைக்காய் இருந்தது. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து டீ வாங்கப் போனோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் கணினிக்கு எதிரி இல்லை. அது நம் ஞாபகத்துக்கு வராததை எடுத்துப் போடுகிறது.

பிறகு மருந்து கொடுக்கும் ஜன்னலின் கணினியையும் எங்கள் அறைக் கணினியையும் இணைத்தார்கள். நோயாளியின் எண்ணைத் தட்டினால் போதும். எந்தெந்த மருந்து, எந்தத் தேதி என்று தானாக வந்து விழும். எங்களுக்கு அம்புட்டு நிம்மதி. ஜைனப் விரல்களை நெட்டி முறித்துக்கொண்டு, "இனிமே நகம் வளக்கலாம்க்கா" என்றாள்.

இனி என் மகள்.

நிவேதாவுக்கு எட்டாம் வகுப்பில் முதன்முதலாக வலிப்பு வந்தது. பள்ளி மைதானத்தில், பிரேயரில். அதற்குப் பிறகு நான்கு வருடம் எங்கள் வீட்டில் யாரும் கதவைத் தாழ்போட்டுக் குளித்ததில்லை. முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. இரண்டாவதும் கேட்கவில்லை. பிளஸ் டூ படிக்கும்போது மூன்றாவதாகக் கொடுத்த மாத்திரை கேட்டது. ஒரேயடியாக நின்றுவிட்டது. அவள் தனியாக டவுன் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகத் தொடங்கினாள். மாதாமாதம் ஆஸ்பத்திரி ஜன்னலில் ஒரு மாதத்துக்கான மாத்திரை வாங்கி வருவது என் வேலை. என் வீட்டுக்காரர் தங்கராசு லைன்மேன். கம்பத்தில் ஏறப் பயப்படாத மனுஷன், சொந்தக்காரர்கள் வந்தால் மட்டும் மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைப்பார். நாளைக்குக் கல்யாணம் பேச வேண்டும் என்பார்.

கல்லூரியில் கடைசி வருடம். ஒரு நாள் காலையில் நிவேதாவின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு வட்டம், உதட்டோரம் சின்னக் கொப்புளம். "மறுபடியும் அக்கி போட்டிருச்சு" என்று அவள் அப்பா வண்டியில் ஏற்றிக் கீழக்குயில்குடிக்குக் கொண்டுபோனார். அங்கே மண்பானை செய்யும் வேளார் ஒருவர் அக்கி எழுதுவார். காவியைக் குழைத்து, கோழியிறகால் தொட்டு, கொப்புளத்தின் மேல் சிங்கமோ நாயோ ஏதோ உருவம் வரைவார். காவி உதிர்வதற்குள் கொப்புளம் வற்றிவிடும். எங்கள் பக்கம் எல்லாரும் செய்வதுதான். நான் டியூட்டிக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் போன் வந்தது. "மகேசு, பிள்ளைக்கு வாயெல்லாம் வீங்குது. தொடையில தோலு வழண்டு வருது. ஆஸ்பத்திரிக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன், வாசலுக்கு வா" என்றார்.

ஆட்டோவிலிருந்து இறங்கியவளை ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். உதடு இரண்டும் வீங்கிக் கொப்புளம் உடைந்திருந்தது. கையிலும் தொடையிலும் கருஞ்சிவப்பில் பெரிய வட்டங்கள். வலிப்பு மாத்திரைக்குத் தோலை உரிக்கிற ஒரு கொடிய விளைவு உண்டு என்பது எங்கள் அறையில் எல்லாருக்கும் தெரியும். அதில் உயிர் போனவர்களுக்கு நானே விவரம் எழுதியிருக்கிறேன். வேறு யாராவது தாயாக இருந்தால், 'பயப்படாதீங்கம்மா' என்று நான் சொல்லியிருப்பேன்.

தோல் வார்டில் சேர்த்தார்கள். எல்லா மருந்தையும் உடனே நிறுத்தினார்கள். அதுதான் முறை. வலிப்பு வராமலிருக்க வேறொரு மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். நான் அறைக்கு ஓடி நிவேதாவின் எண்ணைத் தட்டினேன். இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்ப வேண்டும் என்ற ஞாபகம்கூட இல்லை. வந்த பட்டியலில் இரண்டே மருந்து. வலிப்பு மாத்திரை முதலில், மிக அதிக மதிப்பெண்ணோடு. கீழே இரும்புச்சத்து மாத்திரை, ஏறக்குறைய சுழியம்.

பின்னால் சார் நின்றார். திரையை எட்டி அணைத்தார்.

"எந்திரிங்க."

"சார், என் பொண்ணு..."

"தெரியும். அதனாலதான் எந்திரிங்கங்கிறேன். இந்தக் கேஸ்ல நீங்க வேலை பாக்கக் கூடாது. நீங்க பேஷண்டோட அம்மா. வார்டுல போய் உக்காருங்க. ஜைனப் வந்து கேப்பா, பதில் சொல்லுங்க. மத்த அம்மாமாரு சொல்ற மாதிரி."

அந்த நேரம் அவர்மேல் வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்ல. இத்தனை வருடம் கூட வேலை பார்த்தவளை நாற்காலியிலிருந்து எழுப்புகிறாரே என்றிருந்தது. ஆனால் எழுந்தேன். என் கண் அந்தத் திரையில் ஒரே ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை அவர் கண்டுகொண்டார்.

அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்குத் தெரியும். எந்த மருந்து குற்றவாளி என்று முடிவாகிறதோ அதன் பெயரை ஒரு சிவப்பு அட்டையில் எழுதி நோயாளி கையில் கொடுப்போம். இந்த மருந்தை ஆயுள் முழுக்கத் தொடக் கூடாது என்று அர்த்தம். வலிப்பு மாத்திரையின் பெயர் அதில் ஏறிவிட்டால் அவளைக் காப்பாற்றிய ஒரே மருந்தும் போய்விடும். ஒருவேளை குற்றவாளி வேறாக இருந்தால், அது வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த முறை இதைவிட மோசமாக வரும். எது என்று கண்டுபிடிக்காமல் இந்த வார்டை விட்டுப் போகமாட்டேன் என்று நிவேதாவின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்தேன்.

ஜைனப் வந்தாள். சம்பிரதாயமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காரலாமாம்மா?" என்று கேட்டாள். அக்கா என்று கூப்பிடவில்லை.

"பிள்ளை வேற ஏதாவது மருந்து சாப்பிடுதா?"

"இல்ல" என்றேன். பட்டென்று வந்துவிட்டது.

அவள் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "தலைவலிச்சா என்ன குடுப்பீங்க?"

"தைலம்."

"சளிக்கு?"

"ஆவி பிடிப்பா. கசாயம்."

"தூக்கத்துக்கு?"

"அவளா? இடி விழுந்தாலும் தூங்குவா."

"மாசாமாசம் வயித்துவலி இருக்கா?"

"இருக்கும். ரொம்ப முடியலேன்னா கடையில ஒரு வலி மாத்திரை வாங்கி..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் நாக்கு நின்றது. ஜைனபும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

நிவேதாவால் பேச முடியவில்லை. ஜைனப் அவள் பக்கம் குனிந்து, "கண்ணு, நேத்து போட்டியா?" என்றாள். அவள் தலையை ஆட்டினாள். ஒரு விரலைக் காட்டினாள். பிறகு இன்னொரு விரலையும் நீட்டினாள்.

"இதுக்கு முன்னாடி இது மாதிரி வந்திருக்காம்மா?"

"இம்புட்டு வந்ததில்ல" என்று என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "அக்கி மட்டும் ரெண்டு மூணு தடவை போட்டுச்சு. வேளாரு எழுதுனா போயிரும். கை ராசிக்காரரு."

"எந்த இடத்துலண்ணே?"

"இதே இடந்தான். மணிக்கட்டு, உதட்டோரம். அக்கி பழகுன இடத்துலதானம்மா வரும்?"

ஜைனப் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டாள். பஞ்சை உப்புநீரில் நனைத்து, நிவேதாவின் மணிக்கட்டில் காலையில் எழுதியிருந்த காவியை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் துடைத்தாள். காவி கரைந்து வழிந்தது. அடியில் புதிய சிவப்பு வட்டம். அதற்குள், நாவல்பழக் கறைபோல, மங்கிய பழைய வட்டம் ஒன்று. ஒவ்வொரு முறையும் கொப்புளம் வற்றிய பிறகு அந்தக் கறை தங்கியிருக்கிறது. காவி உதிர்ந்த பிறகும் அது காவியின் கறை என்றே நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

குறிப்பிட்ட மருந்தைச் சாப்பிடும்போதெல்லாம் தோலில் அதே இடத்தில் வட்டமாக வந்து, கறையை விட்டுவிட்டுப் போகும் ஒரு வகை ஒவ்வாமை உண்டு. ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போகும். சில பேருக்கு ஒரு நாள் உடம்பெங்கும் பரவும். ஜைனப் எழுந்து போன வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் சாரே வார்டுக்கு வந்தார். வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கியது.

"மகேஸ்வரி, பொண்ணு வலிப்பு மாத்திரைய எப்ப இருந்து சாப்பிடுறா?"

"பிளஸ் டூ படிக்கும்போது ஆரம்பிச்சது சார். மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"கம்ப்யூட்டர்ல இந்த மாசம் தொடங்குனதா இருக்கு."

இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. ஜன்னலில் மாத்திரையை ஒரு மாதத்துக்குத்தான் கொடுப்போம். ஜன்னலின் கணினியில் இருப்பது கடைசியாகக் கொடுத்த தேதி. இணைத்தபோது அதுதான் எங்கள் கணினிக்குள் 'தொடங்கிய நாள்' என்று வந்து விழுந்திருக்கிறது. அந்தக் கொடிய தோல் விளைவு மருந்து தொடங்கிய சில வாரங்களில் வருவது. மூன்று வருடம் ஒத்துப்போன மருந்து திடீரென்று அதைச் செய்வது மிக அரிது. கணினியின் கண்ணுக்கோ நிவேதா மூன்று வாரத்துக்கு முன்புதான் அந்த மாத்திரையைத் தொடங்கியவள். தனக்குச் சொல்லப்பட்டதை வைத்து அது சரியாகத்தான் கணக்குப் போட்டது.

"இணைச்ச நாள்ல இருந்து மாச மாத்திரை சாப்பிடுற அம்புட்டுப் பேருக்கும் இப்படித்தான் போயிருக்கும்" என்றார் சார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சக்கரை, கொதிப்பு, வலிப்பு... அத்தனை பேரும் எப்பவும் புதுசா தொடங்குன ஆளு."

முன்பு அக்கி வந்தபோதும் அதைப் போட்டிருந்தாள் என்று நிவேதாவிடம் தலையசைப்பில் கேட்டுக்கொண்டு, சரியான தேதியைப் போட்டு, வலி மாத்திரையையும் சேர்த்து, 'மறுபடி கொடுத்தபோது மறுபடி வந்தது' என்ற கட்டத்தை நிரப்பிப் பொத்தானை அழுத்தினார்கள். வரிசை தலைகீழானது. ஜைனப் வந்து சொன்னபோதுதான் மறுபடி அக்கா என்றாள்.

நிவேதா பிழைத்தாள். தோல் ஆறியது. அதற்கு அந்த வார்டு நர்சுகளை நான் என்றும் கும்பிடுவேன். ஆனால் கணினியின் வரிசை மாறியதால் மட்டும் பழைய மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட முடியாது. தோல் டாக்டரம்மா, "நல்லா ஆறட்டும், டெஸ்ட் பண்ணிப் பாத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டார். அதுவரை ஊசியில் கொடுத்த மருந்தே மாத்திரையாகத் தொடர்ந்தது.

அந்த இடைக்காலத்தில் நான் வேலையை விடவில்லை. இணைத்த பிறகு நாங்கள் முடிவு சொன்ன ஒவ்வொரு நோயாளியையும் திரும்ப எடுத்தோம். போன் போட்டோம். போன் இல்லாதவர்களுக்கு ஊரில் உள்ள நர்சு மூலம் சொல்லியனுப்பினோம். கேட்டது ஒரே கேள்வி: இந்த மாத்திரையை எப்போதிருந்து சாப்பிடுகிறீர்கள்? "என்ன தாயி, சென்செஸா?" என்று கேட்டவர்கள் உண்டு. "எங்க வீட்டுக்காரரு எப்ப ஆரம்பிச்சாருன்னு கேட்டா, மாத்திரையவா பீடியவா?" என்று கேட்ட அம்மாவும் உண்டு. சிலரிடமிருந்து சிவப்பு அட்டையைத் திரும்ப வாங்கினோம். சிலருக்கு வேறு பெயர் எழுதிக் கொடுத்தோம்.

கணினி நிரலைப் பராமரிக்கிறவர்கள், தேதிக் கட்டத்தை மாற்ற முடியாது, மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். நான் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். நேரில் போனேன். கண்ணாடி அறைக்குள் இருந்த இளைஞர், "மேடம், ஒரு டேட்டுதானே, இதுக்குப் போயி..." என்று ஆரம்பித்தார். என் போனில் இருந்த நிவேதாவின் படத்தை, வார்டில் எடுத்ததை, அவர் மேசைமேல் வைத்தேன். அவர் என் கடிதத்தைத் தேடி எடுத்தார். இப்போது கடைசியாகக் கொடுத்த நாள் தனி, முதலில் தொடங்கிய நாள் தனி. இரண்டாவதை ஜன்னலில் இருப்பவர் வாய்விட்டுக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். அதை நிரப்பாமல் திரை அடுத்த பக்கத்துக்குப் போகாது. வரிசை கொஞ்சம் மெதுவாக நகர்கிறது என்று புகார் வருகிறதாம். வரட்டும்.

வீட்டில் நிலைமை வேறு. மாற்று மருந்து நிவேதாவுக்கு ஒத்துவரவில்லை. சிடுசிடுவென்று ஆகிவிட்டாள். தட்டைத் தூக்கி வீசினாள், பிறகு உட்கார்ந்து அழுதாள். ஒரு நாள் சமையலறையில், மூன்று வருடத்துக்குப் பிறகு, வலிப்பு வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு அந்தப் பாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குத் தனியாகப் போவது நின்றது. குளியலறைத் தாழ்ப்பாளை அவள் அப்பா கழற்றி வைத்தார்.

தோல் நன்றாக ஆறிய பிறகு சோதனை செய்தார்கள். மணிக்கட்டில் இருந்த பழைய கறையின் மேல் இரண்டு மருந்தையும் தனித்தனியாக வாசலினில் குழைத்து, பொட்டு அளவுக்கு வைத்து ஒட்டினார்கள். முதுகில் நல்ல தோலிலும் அப்படியே ஒட்டினார்கள். பிரித்துப் பார்த்தபோது கறையின் மேல் வலி மாத்திரை வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. வலிப்பு மாத்திரை வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. சிவப்பு அட்டையில் வலி மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். அதே குடும்பத்து மாத்திரைகளின் பெயர்களையும் சேர்த்து.

பழைய வலிப்பு மாத்திரையை மறுபடி தொடங்கும் நாளில் வார்டில் ஒரு கட்டில் ஏற்பாடு செய்திருந்தார்கள். மிகக் குறைந்த அளவு, பக்கத்தில் டாக்டர். சார் எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னார்:

"கம்ப்யூட்டர் இது காரணமில்லைங்குது. தோல் டாக்டரும் அதையே சொல்றாங்க. நானும் சொல்றேன். ஆனா நாங்க யாரும் துளிகூட ஆபத்தில்லைன்னு எழுதிக் குடுக்க மாட்டோம். அப்படி எழுதுறவன் மருந்து படிச்சவன் இல்ல. முடிவு உங்க கையில."

"வேணாம் சார்" என்றார் என் வீட்டுக்காரர். "வலிப்பு வந்தா வரட்டும். நான் பிடிச்சுக்கிறேன். பிள்ளைய மறுபடி அந்தக் கோலத்துல பாக்க என்னால ஆகாது."

மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. இதற்காக நான் ஒவ்வொரு வாசலிலும் நின்றிருக்கிறேன். தேதிகளைச் சரிசெய்தது, கடிதம் எழுதியது, சோதனைக்காக அலைந்தது எல்லாம் நான். எனக்கு இருந்த அறிவு முழுக்கக் கொடு என்றது. கை நீளவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கிய அந்த முகம் எனக்கும் அந்தக் கட்டிலுக்கும் நடுவில் நின்றது. வாயைத் திறந்து, இன்னொரு மாதம் பார்ப்போம் சார் என்று சொல்லப் போனேன்.

"யம்மா, யாரு சாப்பிடப் போறது, நீயா நானா?" என்றாள் நிவேதா. கட்டிலிலிருந்து இறங்கி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "அப்பா என்னைக்கும் பக்கத்துலயே இருந்து பிடிச்சுக்கிட்டே இருக்க முடியுமா? எனக்குப் பரீட்சை எழுதணும். பஸ்ல போகணும். பால் காய்ச்சணும்." மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். குடித்துவிட்டு எங்கள் இருவருக்கும் நேராக நாக்கை நீட்டி, மேலே தூக்கி, விழுங்கிவிட்டதைக் காட்டினாள். "போதுமா?"

ஒன்றும் வரவில்லை. அன்று வரவில்லை, அளவைக் கூட்டிய வாரங்களிலும் வரவில்லை. தாழ்ப்பாள் திரும்ப ஏறியது. விடுபட்ட பரீட்சைகளை எழுதினாள். இப்போது கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். மற்றவர்களின் பிள்ளைகள் கொப்புளத்தோடு வரும்போது ஸ்டூலை இழுத்துப்போட்டு நிதானமாகக் கேட்க என்னால் முடியவில்லை. அந்த நிதானம் ஜைனபிடம் இருக்கிறது.

புதுப் பிள்ளைகளுக்கு: கணினி சீட்டைப் படிக்கும், என்னைவிட வேகமாக, தப்பில்லாமல். சீட்டில் ஏறாததை யாராவது கட்டிலருகே உட்கார்ந்து கேட்க வேண்டும். உங்களை எடுத்தது அதற்குத்தான்.

இந்தக் கட்டுரையில் பெயரை மாற்றி எழுதட்டுமா என்று நிவேதாவிடம் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "எதுக்கு மாத்தணும்? வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுறேன், நல்லா இருக்கேன்னு எழுது. அப்பா படிக்கட்டும், சொந்தக்காரங்களும் படிக்கட்டும்" என்றாள். வாசலில் நின்று அவள் உதட்டோரத்தை வழக்கம்போல ஒரு கணம் பார்த்தேன். பார்க்கிறேன் என்று அவளுக்கும் தெரியும். "வாரேம்மா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.